வாளியை இறக்கி வைக்கிற பெண்

இல்லை, அவளை எடுக்காதே. நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் ஒருமுறையாவது முழுதாக வாசிப்பாய். நாளை ரஹீம் நானா கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகிறார். அவரிடம் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். நீ செய்த விளையாட்டில் ஒரு பெண் ரப்பர் மலையில் வாளியோடு ஓடுகிறாள். மழை வருவதற்குள் மரங்களில் கட்டியிருக்கிற சிரட்டைகளிலிருந்து பாலை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும். அது சின்ன போன்களுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. இளைக்க வைக்க வேண்டும். உன் மேலதிகாரி திறந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண் சும்மா நிற்கும்போது செய்கிறவற்றுக்காக நீ வரைந்த படங்களை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். யாரும் பொத்தானைத் தொடாமல் இருந்தால் அவள் வானத்தைப் பார்ப்பாள். பிறகு வாளியை இறக்கி வைப்பாள். பிறகு கல்லில் உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து ஓர் அட்டையைப் பிடுங்கி எறிவாள். "கேம் விளையாட வர்றவன் எவனாவது சும்மா நிப்பானா? இத யாரு பாக்கப் போறா?" என்று அவர் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை நீ ஒப்படைக்க வேண்டும். சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் உன் விளையாட்டை வேறொரு பையனிடம் கொடுத்து முடிக்கச் சொல்வார்கள்.

"நீங்கதான்ம்மா சொல்லணும். எடுத்துரட்டுமா?" என்றாய். பின்னால் பஸ் சத்தம். பிறகு, "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றும் சொன்னாய்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எனக்கு உன் மீது கோபம் வந்தது.

விளையாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் எதையும் ஜெயித்ததில்லை. முதல் பள்ளத்தைக்கூடத் தாண்டியதில்லை. ஆனால் நீ விளையாடிய ஆண்டுகள் முழுவதும் உனக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள் நான். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, பலாக்கொட்டை உரித்துக்கொண்டு, வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டு. ஆடுகிறவன் பள்ளத்தைப் பார்ப்பான். பின்னால் இருப்பவளுக்கு மற்றதெல்லாம் தெரியும். நீ அடுத்த கல்லை மட்டும் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தபோது, நீ கடந்துபோகிற நாய் தலையைத் திருப்பி உன்னையே பார்ப்பதை நான் பார்த்தேன். உன்னிடம் சொன்னேன். "எந்த நாய்?" என்று கேட்டாய்.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்திருந்தாய். ஓப்பநாயக்க டவுனில் ரஹீம் நானாவின் ரேடியோ கடை. கண்ணாடி அலுமாரிக்குள் பாட்டுக் கெசட்டுகளுக்கு நடுவில் அது இருந்தது. சாம்பல் நிறப் பெட்டி, வயரோடு ஒரு கைப்பிடி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேம் கெசட். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் நமக்குப் புரியாத எழுத்து.

"இதுக்குப் பேரு என்ன நானா?" என்று கேட்டாய்.

"பேரு என்னத்துக்கு மகன்? வெளையாடினாச் சரிதானே," என்றார். பிறகு என்னிடம், "டீச்சர், நல்ல சாமான். ஏதும் வருத்தம் வந்தா கொண்டு வாங்க, நான் பாத்துத் தாரேன்."

"யாருக்கு வருத்தம் வந்தா? பெட்டிக்கா, பிள்ளைக்கா?" என்றார் உன் அப்பா.

"ரெண்டுக்கும்தான். புள்ளைக்கு வந்தா பெட்டிய மட்டும் கொண்டு வாங்க, சுகமாயிரும்."

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அது வழக்கம். நம் பையிலிருந்து வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா பஸ்ஸுக்கு மறுபக்கம் ஆண்கள் வரிசையில் நின்றார். ஆர்மிக்காரப் பையனுக்கு இப்போது உனக்கிருக்கிற வயதுதான் இருக்கும். பையைத் திறந்து, இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "மே மொனவத?" எனக்கு நன்றாகத் தெரிந்த சிங்களம் அந்த நேரம் வாயில் வரவில்லை. நீதான் அவனை அண்ணா என்று கூப்பிட்டுச் சொன்னாய்: "டீவி கேம் எகக், அய்யே." அவன் கைப்பிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். எதிலும் பொருத்தாத அந்தக் கைப்பிடியின் சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினான். அது அமுங்கி, மெல்ல ஒரு சத்தத்தோடு மேலே வந்தது. இன்னொரு முறை அழுத்தினான். முகம் மாறியது. துப்பாக்கி தோளில் தொங்க, ஒரு நிமிடம் அவன் எங்கேயோ குதித்துக்கொண்டிருந்தான். பையை மூடித் தந்துவிட்டான்.

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு நானும் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொத்தான் எப்படி அமுங்க வேண்டும், எப்படி மேலே வர வேண்டும் என்று முகம் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

நம்முடையது கறுப்பு வெள்ளை டீவி. கெசட்டில் இருந்தது ஒரு சின்ன மனிதன். முதுகில் கூடை. அவனுக்குப் பெயர் இல்லாததால் நாம் கூடைக்காரன் என்றோம். மலையில் ஏறி, பள்ளங்களைத் தாண்டி, பழங்களைப் பறித்துப் போட்டுக்கொண்டு போவான். அதில் நல்ல பழமும் உண்டு, கெட்ட பழமும் உண்டு. கெட்டதைத் தொட்டால் உயிர் போய்விடும். பிற்பாடு நானாவின் கடையில் கலர் டீவியில் பார்த்தபோதுதான் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று தெரிந்தது. நம் வீட்டில் இரண்டும் சாம்பல். நீ செத்துச் செத்து விளையாடினாய். ஒருநாள் திடீரென்று, "ம்மா, கெட்ட பழம் நடுங்குதும்மா," என்றாய். பக்கத்தில் வந்து பார்த்தேன். ஆமாம். இலை அசைகிற அளவுக்குத்தான். நல்ல பழம் அசையாமல் இருந்தது. நானாவின் கடையில் கலரில் விளையாடிய பிள்ளைகளுக்கு அது கடைசிவரை தெரியாது. அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நிறத்தை மட்டும் நம்பாமல் அந்தப் பழத்தைக் கொஞ்சம் நடுங்கவும் வைத்தவர், கறுப்பு வெள்ளை டீவி வைத்திருக்கிற வீடுகளையும் நினைத்திருக்கிறார்.

பழம் இல்லாமல் விளையாட்டே இல்லை. நடுக்கம் இல்லாமலும் விளையாட்டு இருந்திருக்கும். ஆனால் நம் வீட்டில் இருந்திருக்காது.

இப்படி எத்தனையோ. அவன் கல்லில் குதித்தால் ஒரு சத்தம், தகரத்தில் குதித்தால் வேறு சத்தம். வெளியே நம் கூரையில் மழை பெய்கிற நாளில் அவன் தகரத்தில் இறங்கினால், அவனும் வரிசையாக ஒட்டிக்கிடக்கிற நம் லயத்து வீடுகளின் மேல்தான் நடக்கிறான் என்று இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் நின்றால் இரண்டு கைகளையும் சுழற்றித் தடுமாறுவான். அடுத்தடுத்துப் பழம் பறித்தால் ஒவ்வொரு 'டிங்'கும் முந்தியதைவிட ஒரு படி மேலே ஏறும். இடையில் ஒன்றைத் தவறவிட்டால் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். அந்த 'டிங்' மேலே ஏற ஏற நான் திருத்துவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். எந்தப் பிள்ளையின் தாளில் எந்த இடத்தில் விட்டேன் என்று மறந்துபோகும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

கைப்பிடியில் விளையாட்டை நிறுத்தி வைக்கிற பொத்தான், பெட்டி வந்த கொஞ்ச நாளிலேயே செத்துவிட்டது. லயத்துப் பைப்பில் தண்ணீர் வருகிற நேரம் யாருக்காகவும் காத்திருக்காது. "தண்ணி வந்துருச்சு!" என்று யாராவது கத்தினால் நீ கூடைக்காரனை ஆபத்தில்லாத ஒரு பாறை மேல் நிறுத்திவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். "தொடாதீங்கம்மா!" என்று கத்திக்கொண்டே. நான் தொடமாட்டேன். நானும் அவனும் தனியாக இருப்போம். அப்படி ஒருநாள் பார்த்தேன். அவன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். கூடையை இறக்கி வைத்தான். பாறையில் உட்கார்ந்தான்.

நீ வந்து பொத்தானைத் தொட்டதும் துள்ளி எழுந்து கூடையை மாட்டிக்கொண்டான். நீ என்னை நம்பவில்லை. மறுநாள் அப்பாவும் பார்த்தார். உடனே காரணமும் சொல்லிவிட்டார்.

"கரண்டு பத்தல. அதான் உக்காந்துட்டான்."

இதை உன் கொழும்பு நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவர் ஃபேனைப் போட்டால் லயத்தில் பல்ப் மஞ்சளாகும். ரேடியோவில் பாடுகிற பெண்ணுக்கு ஆண் குரல் வரும். டீவியில் படம் நான்கு பக்கமும் சுருங்கும். "அப்பா வேலைய ஆரம்பிச்சிட்டாரு," என்பாய் நீ. தோட்டத்தில் ஃபேன் ஓடுகிற நேரம் எல்லாமே களைத்துப்போகும். கூடைக்காரன் மட்டும் எப்படிக் களைக்காமல் இருப்பான்? இத்தனை படித்த நானும் அதை நம்பினேன்.

அப்பா நானாவிடம் போய் ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்தார். செங்கல் கனம். வைத்த இடத்தில் உறுமிக்கொண்டே இருந்தது. கூடைக்காரன் உட்கார்ந்தான்.

"இந்தப் பொட்டியும் பத்தல," என்றார் அப்பா. "பாரு, தீவாளிக்கு ஃபாக்டரி மூடுவாங்கல்ல. ஒரு ஃபேனும் ஓடாது. கரண்டு ஃபுல்லா வரும். அன்னைக்கு எப்புடி உக்காருறான்னு பாக்குறேன்."

அவர் இதை லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். தீபாவளி அன்று காலை எண்ணெய்க் குளியல் முடிந்து, பலகாரத் தட்டோடு பக்கத்துக் காம்பிரா வீடுகளில் இருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். பல்ப் பால் மாதிரி எரிந்தது. படம் டீவியின் விளிம்புவரை வந்து நின்றது. நீ கூடைக்காரனைப் பாறை மேல் நிறுத்தி, கைப்பிடியைத் தரையில் வைத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய். அப்படி ஒரு அமைதியை நான் என் வகுப்பில் கண்டதில்லை. முறுக்கைக் கடித்தவன்கூட கடித்தபடியே நின்றான்.

இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான்.

"நிக்கிறான் பாரு, நிக்கிறான் பாரு," என்றார் அப்பா.

கூடையை இறக்கினான். உட்கார்ந்தான். யாரும் பொத்தானைத் தொடவில்லை. அதனால் அதுவரை யாருமே பார்க்காத ஒன்றைச் செய்தான். கூடைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து, மடியில் விரித்து, சாப்பிட ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் டீவியைப் பார்த்து, "டேய், கங்காணி வர்றாரு, எந்திரிடா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. டீவிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அவனாத்தான் உக்காருறான்," என்றார்.

"ஃபேன் மேல வீணா பழி போட்டுட்டீங்களே மாமா!"

"சும்மா இருடா. அவன் தின்னட்டும்."

உனக்குப் பொறுக்கவில்லை. மேலே மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. "அப்பா, டைம் முடியப் போகுதுப்பா, நான் அமுத்துறேன்," என்றாய். "அமுத்தாத," என்றார். நேரம் முடிந்தது. கூடைக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்தான். நீ அழுகிற குரலில், "ஒரு உயிர் போயிருச்சு," என்றாய்.

"போவட்டும்டா. சாப்புட்டுத்தானே போனான்."

அன்று எல்லோரும் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன முதல் வாக்கியத்தைத்தான் நான் அதற்குப் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அவனாத்தான் உக்காருறான். அப்பா வேலை செய்கிற இடத்தில் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. இருந்ததே இல்லை. ஃபாக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா வருகிற காலடிச் சத்தத்துக்குக் காதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி, நின்றுகொண்டே சாப்பிடுவார். அந்த மனிதர் டீவிக்குள் ஒரு கூலிக்காரனைப் பார்த்தார். யாரும் ஏவவில்லை. யாரும் அனுமதிக்கவும் இல்லை. அவனுக்கு உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தான். அவன் உட்காருவதற்காக ஒருவர் படம் வரைந்திருந்தார். அவன் சாப்பிடுவதற்காக இன்னும் சில படங்கள். அவற்றை வரைந்தவரிடமும் ஒரு மேலதிகாரி வந்து, இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கமாட்டாரா? நிச்சயம் கேட்டிருப்பார். அவர் ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறார்.

நீயும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அழுதுகொண்டு சொல்லக் கூடாது. விளையாட்டுக்குள் இடத்தை மிச்சம் பிடித்துக் காட்டிவிட்டுச் சொல்.

உன் விளையாட்டை நான் ஒரு வாரமாக விளையாடுகிறேன். பெல்மதுளைக்குப் போகிற பஸ்ஸில், பள்ளிக்கூடத்து இடைவேளையில். ஒரு படத்துக்கு எவ்வளவு கனம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் எதை எடுத்தால் எடுத்ததே தெரியாது என்பது எனக்குத் தெரியும். முதலில், தொடங்கும்போது உங்கள் கம்பனிப் பெயரைச் சுற்றி வெடிக்கிற மத்தாப்பு. அதைத் தாண்டிப் போகத்தான் எல்லோரும் பொத்தானை அழுத்துகிறோம். இரண்டாவது, அந்தப் பாட்டு. பஸ்ஸில் யாரும் சத்தத்தைத் திறந்து வைத்து விளையாடமாட்டார்கள். பாட்டை எடு. ஆனால் சிரட்டையிலிருந்து வாளிக்குள் பால் விழுகிற அந்தச் சத்தத்தைத் தொடாதே. வாளி நிறைய நிறைய அது தடித்துக்கொண்டு வருகிறது. அதை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும், ஏறிக்கொண்டு போன அந்த 'டிங்'கிலிருந்து.

மூன்றாவது, மரங்கள். நான்கு விதமாக மரம் வரைந்திருக்கிறாய். ஒன்று வளைந்திருக்கிறது, ஒன்றில் கிளை தாழ்ந்திருக்கிறது. அழகுதான். ஆனால் நீ எந்த ஊர்ப் பிள்ளை? ரப்பர் மரத்துக்கு எதற்கு நான்கு முகம்? நம் தோட்டத்தில் ரப்பர் நிற்கிற கீழ் டிவிஷனுக்குள் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம் வரிசையாக நிற்கும். அதில் வழி தவறிப் போகாத பிள்ளை நம் லயத்தில் உண்டா? ஒரு மரம் போதும். ஒரே மரத்தையே திரும்பத் திரும்ப வை. இடமும் மிஞ்சும், ரப்பர் மலையாகவும் இருக்கும். அங்கே ஒரே மாதிரி இல்லாதது அந்தப் பெண் மட்டும்தான் என்றும் ஆகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மழை வரப்போவதை நீ வானத்தின் நிறத்தில்தான் காட்டுகிறாய். வெயிலில் வைத்துப் பார்த்தால் எந்தப் போனும் சாம்பல்தான். பஸ் ஜன்னல் ஓரத்தில் எனக்கு மழை எப்போதும் திடீரென்றுதான் வந்தது. ஏதாவது ஒன்றை நடுங்க வை. ஓர் இலை போதும்.

வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தபோது, ஒரு கதையில் அதற்குத் தேவையில்லாததை நீக்கிவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் பிள்ளைகளின் கட்டுரைகளில் அதைத்தான் செய்கிறேன். சிவப்புப் பேனாவும் கையுமாக. எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எதற்குத் தேவை, யாருக்குத் தேவை என்று கேட்காமல் தேவையில்லை என்று சொல்ல முடியாது. உன் மேலதிகாரி விளையாட்டை முடிக்கிறவனை நினைத்துச் சொல்கிறார். அவர் பிழையாகச் சொல்லவில்லை. முடிக்கிறவனுக்கு அவள் உட்காருவது தேவையில்லை. அவன் அவளை உட்கார விடமாட்டான்.

அட்டையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்றும் எனக்குத் தெரியும். மழைக் காலத்தில் நீயும் நானும் ரப்பருக்குள்ளால் பள்ளிக்கூடம் போவோம். பாதி வழியில் அந்தப் பெரிய கல்லில் உட்கார்ந்து, கையில் கொண்டுபோகிற சவர்க்காரத் துண்டைக் காலில் தேய்ப்போம். நீ ஒவ்வோர் அட்டையையும் இரண்டு விரலால் சுண்டி எறிந்து, எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பாய். அவளும் அப்படித்தான் சுண்டுகிறாள். சுண்டிவிட்டு, அது விழுந்த பக்கம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். அந்தத் தலைச்சாய்ப்பு ஒரேயொரு படமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதையும் சேர்த்துத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். ரப்பர் மலையில் ஓடுகிற பெண்ணை யாரும் வரைந்துவிடலாம். அட்டையைச் சுண்டிவிட்டுப் பார்க்கிறவளை, அந்தக் கல்லில் உட்கார்ந்தவன்தான் வரைய முடியும். "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்று நீ சொன்னபோது எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆனாலும் உன் மேலதிகாரியின் கேள்விக்கு இது பதில் ஆகாது. இத யாரு பாக்கப் போறா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்று மதியம் அதற்குப் பதில் கிடைத்தது. அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

அப்பா வேலை முடிந்து வந்தார். கை கால் கழுவிவிட்டு வந்தவரிடம், "இந்தாங்க, ஒங்க மகன் செஞ்ச கேம்," என்று போனைக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே, போன் வந்தால் எடுப்பதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிறவர். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கோயிலில் தட்டு வாங்குகிற மாதிரி. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாது. தப்பாக எதையாவது அமுக்கி நீ செய்ததைக் கெடுத்துவிடுவோம் என்று பயம். அதனால் எதையுமே அமுக்கவில்லை.

அவள் வானத்தைப் பார்த்தாள். வாளியை இறக்கி வைத்தாள்.

"என்ன பண்ணுறா இவ?" என்றார். பிறகு, "ஏய், அட்டை! அட்டை புடுங்குறா பாரு! எப்புடி சுண்டுறா!" என்று சத்தமாகச் சிரித்தார். பக்கத்துக் காம்பிராவில் கதவு திறந்தது.

"இவளும் தானாத்தான் உக்காருறாளா?" என்று கேட்டார்.

"ஆமா. ஒங்க மகன்தான் உக்கார வச்சிருக்கான்."

அவர் போனைத் திருப்பித் தரவில்லை. அவள் எழுந்து, மறுபடி வானத்தைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்து, இன்னோர் அட்டையைச் சுண்டினாள். மழை வந்து விளையாட்டு முடிந்தது. "டீச்சரம்மா, இன்னொரு தடவ போடு," என்றார். போட்டேன். அந்தப் பெண் ஓடுவாள் என்றோ, சிரட்டையிலிருந்து பால் எடுப்பாள் என்றோ அவருக்கு இன்னும் தெரியாது. அவருக்கு அதுதான் விளையாட்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டினார், "எங்க தம்பி செஞ்சது," என்று.

இதைப் போய் உன் மேலதிகாரியிடம் சொல். போனை முதல்முறை கையில் வாங்குகிற ஒருவர் என்ன செய்வார் என்று கேள். எதையும் அமுக்கமாட்டார். எதை அமுக்குவது என்று தெரியாமல் நிற்பார். இந்த வருடம் நம் லயத்தில் எத்தனை வீட்டில் போன் வந்திருக்கிறது, எத்தனை பெரியவர்களிடம் பிள்ளைகள் அதைக் கொடுத்து "பாருங்க" என்கிறார்கள் என்று சொல். அவர்கள் முதலில் பார்ப்பது ஓடுகிற பெண்ணை அல்ல, சும்மா நிற்கிறவளைத்தான். அவள் வெறுமனே நின்றால் போன் நின்றுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவள் உட்கார்ந்தால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் தானாகப் பொத்தானுக்குப் போகும். அவர் வியாபாரம் தெரிந்தவர். இது அவருக்குப் புரியும்.

புரியாவிட்டால்? முதலில் மரங்களைக் குறைத்து, பாட்டையும் மத்தாப்பையும் எடுத்து, அவர் கேட்ட அளவுக்குள் கொண்டுவந்து, அவளோடு சேர்த்து மேசையில் வை. அதன் பிறகும் வேண்டாம் என்றால், அது அவர் கம்பனி. வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். உன் போர்டிங் வாடகை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் உன் குரலில் அது தெரியும்.

மகன், நேரத்துக்குச் சாப்பிடு. உட்கார்ந்து சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: மேலே உள்ளதை மாலையில் எழுதி முடித்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, உடனே எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஃபாக்டரியில் ஃபேனைப் போட்டார்கள், பல்ப் மஞ்சளானது. பிறகு எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன்.